இரவில் கியோஸ்க்குகளைத் தூங்க வைத்தேன், காலையில் சில எழுந்திருக்கவில்லை

மின்மினி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிளைகளில் மொத்தம் 28 விண்டோஸ் கியோஸ்க்குகளும் 9 ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளும் நிற்கின்றன. டோக்கன் எடுப்பது, பணம் கட்டுவது, படிவம் நிரப்புவது, இவ்வளவுதான் வேலை. காலை 8 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறோம். மீதி 11 மணி நேரமும் ஆளில்லாத கூடத்தில் எல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கின்றன. மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து மெயில் வந்தது. சரி, இது என்ன பெரிய வேலை என்று எல்லாவற்றுக்கும் 30 நிமிடத்தில் ஸ்லீப் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை 8:10-க்கு முதல் போன். 5 மெஷினில் படம் வருகிறது, தொட்டால் அசையவில்லை. 2 மெஷினில் பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது, அடிக்கக் கீபோர்டே கிடையாது. ஒன்றில் பில் பிரிண்டர் காணாமல் போய்விட்டது. கிளையில் ஒருவர் படம் எடுத்து அனுப்பினார்: வாடிக்கையாளர் ஒருவர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வண்டிச் சாவியால் திரையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன். ஆனால் மெயில் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழையகணினி

முதலில் ஒரு கேள்வி. ஒரு மெஷின் எத்தனை வாட் இழுக்கிறது என்று அளந்தீர்களா? செருகியில் மாட்டும் சின்ன மீட்டர் ஒன்று போதும். திரை எரியும்போது, திரை அணைந்திருக்கும்போது, ஸ்லீப்பில், ஷட்டவுனில் என்று நான்கு எண்கள் எடுங்கள். அது கையில் இல்லாமல் செட்டிங்கைத் தொடுவது, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் குடத்துக்கு ஒட்டுப்போடுவதுபோல.

சுண்டெலி

ஸ்லீப்பே வேண்டாம். திரையை மட்டும் அணையுங்கள். முடிந்தது கதை.

அரைவட்டம்

சுண்டெலி சொல்வதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் ஏன் என்று தெரியாமல் விட்டால் நாளை வேறு வடிவில் இதே தொல்லை வரும். மின்மினி, உங்களுக்கு வந்தது மூன்று தனித்தனி வியாதிகள்.

தொடுதிரை செத்தது: கியோஸ்க்கில் தொடுதிரை என்பது பெரும்பாலும் உள்ளே ஒரு யூஎஸ்பி கம்பியில் தொங்கும் சாதனம்தான். விண்டோஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று உண்டு, சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை அது தனியாகத் தூங்க வைக்கும். மவுஸ், கீபோர்டு எல்லாம் ஒழுங்காக எழும். மலிவான தொடு கன்ட்ரோலர்கள் சில எழாது. பவர் பிளானில் அதை டிஸேபிள் செய்யுங்கள். அதோடு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ஹப்பிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதையும் எடுங்கள். உங்கள் பில் பிரிண்டர் காணாமல் போனதும் அநேகமாக இதே கதைதான். தூங்கி எழுந்த பிரிண்டரை வேறு போர்ட்டில் வந்த புது பிரிண்டர் என்று நினைத்துக்கொண்டு விண்டோஸ் இரண்டாவது பெயரில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பெயருக்கு அனுப்பும் பில் எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

பாஸ்வேர்டு கேட்டது: ஸ்லீப்பிலிருந்து எழும்போது பாஸ்வேர்டு கேட்கும் செட்டிங் தனி. ஆட்டோ லாகின் வைத்திருந்தாலும் அது பூட் ஆகும்போது மட்டும்தான் உதவும், ஸ்லீப்பிலிருந்து எழுவது பூட் கணக்கில் வராது. போதாக்குறைக்கு, லாக் திரையில் நிற்கும்போது டிஸ்ப்ளே அணைவதற்கு மறைந்திருக்கும் இன்னொரு டைமர் உண்டு, இயல்பாகவே 1 நிமிடம். நீங்கள் வெளியே என்ன எண் வைத்தாலும் லாக் திரையில் அது செல்லாது.

கடைசியாக, மின்சார செட்டிங்குகளைக் காட்டி மாற்றும் பவர்சிஎஃப்ஜி கட்டளைக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'ஏ' என்ற எழுத்தும் போட்டு ஓட்டிப் பாருங்கள். எஸ்3 என்ற பழைய ஸ்லீப்பா, எஸ்0 என்று வரும் மாடர்ன் ஸ்டாண்ட்பையா என்று சொல்லும். இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. மெஷின்கள் கலந்திருந்தால் ஒரே பாலிசி எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

தொடுவானம்

நான் மாற்றுக் கட்சி. எங்களிடம் 60-க்கு மேல் இருக்கின்றன, எல்லாம் ஸ்லீப்பில்தான் போகின்றன, இரண்டு வருடமாக ஒழுங்காக எழுகின்றன. ரகசியம் ஒன்றுமில்லை: எல்லாம் ஒரே மாடல், ஒரே இமேஜ் (எல்லாவற்றிலும் நகலாகப் போட்ட அதே விண்டோஸ்), டிரைவர் எல்லாம் தயாரிப்பாளர் கொடுத்தவை. ஸ்லீப்பைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் டிரைவரைத் திட்ட வேண்டியவர்கள்.

திரையை மட்டும் அணைப்பதிலும் தலைவலி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த மானிட்டர் சிலவற்றை அணைத்தால், கம்பியையே பிடுங்கிவிட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டு திரை உள்ள கியோஸ்க்கில் காலையில் விளம்பரம் கீழ்த்திரையிலும் டோக்கன் பக்கம் மேல்திரையிலும் இருக்கும். இன்னும் கொடுமை, தொடுவது ஒரு திரையில், அசைவது இன்னொரு திரையில்.

சுண்டெலி

@தொடுவானம் ஒரே மாடலில் 60 மெஷின் வாங்கிக்கொடுக்கும் மேலிடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை ஐயா.

மின்மினி

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறேன், எண்கள் பிறகு போடுகிறேன்.

சுண்டெலி சொன்னபடி ஸ்லீப்பை எடுத்துவிட்டு டிஸ்ப்ளே அணைவதற்கு மட்டும் 15 நிமிடம் என்று குரூப் பாலிசியில் (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் தள்ளும் வசதி) வைத்தேன். இப்போது இரண்டு புதுப் பிரச்சினை.

ஒரு கிளையில் திரை அணையவே இல்லை. ராத்திரி முழுக்க எரிகிறது. மற்ற கிளைகளில் நேர்மாறு: வாடிக்கையாளர் படிவத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போகிறதாம். 15 நிமிடம் ஒருவர் படிவம் படிப்பாரா என்ன?

அரைவட்டம்

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இந்தப் பள்ளத்தில் நானும் விழுந்தவன்தான். குரூப் பாலிசியில் அந்தப் பெட்டி கேட்பது வினாடி. 15 நிமிடத்துக்கு 900 என்று போட வேண்டும். நீங்கள் போட்டது 15 வினாடி.

பவர்சிஎஃப்ஜியில் 'சேஞ்ச்' என்று கொடுத்தால் அது நிமிடம் கேட்கும். அதே பவர்சிஎஃப்ஜியில் செட்ஏசிவேல்யூஇன்டெக்ஸ் வழியாகப் போனால் மறுபடி வினாடி. மைக்ரோசாஃப்டின் தொலைநிர்வாகக் கருவியான இன்டியூனில் போனாலும் வினாடிதான். நான் விழுந்தது எதிர்த்திசையில்: நிமிடம் கேட்கும் இடத்தில் 1800 என்று அடித்துவிட்டு, அரைமணியில் அணையும் என்று காத்திருந்தேன். அது 30 மணி நேரம். ஒரு வாரம் மானிட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, பாலிசி வழியாக வைத்த எண் உள்ளூர் செட்டிங்கை மிஞ்சிவிடும். கிளையில் யாராவது செட்டிங்கைத் திறந்து பார்த்தால் மங்கலாகத் தெரியும், மாற்ற முடியாது. போனில் "நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அணையாத திரைக்கு: அந்தக் கிளையில் ஆள் இல்லாதபோது ஓடும் விளம்பர வீடியோ ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அட்மினாக பவர்சிஎஃப்ஜி ரிக்வெஸ்ட்ஸ் ஓட்டிப் பாருங்கள். யார் திரையைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லும்.

மின்மினி

வீடியோ இருக்கிறது! "தொடங்கத் தொடவும்" என்று ஒரு கை வந்து அழைக்கும் வீடியோ, சுழன்று சுழன்று ஓடும். ரிக்வெஸ்ட்ஸ் ஓட்டினேன். டிஸ்ப்ளே என்ற தலைப்பின் கீழே பிரவுசர் பெயரும் வீடியோ வேக் லாக் (திரையை அணைய விடாதே என்ற வேண்டுகோள்) என்ற வரியும் நிற்கின்றன. வாடிக்கையாளரைக் கூப்பிடச் செய்த வீடியோ ராத்திரி முழுக்கக் காலி நாற்காலியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அரைவட்டம்

அதேதான். அந்த வேண்டுகோளைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல ரிக்வெஸ்ட்ஸ்ஓவர்ரைடு என்று ஒன்று உண்டு. ஆனால் அதை நான் கடைசியாகத்தான் தொடுவேன், ஏனென்றால் பகலிலும் அது செல்லும், வீடியோ ஓடும்போதே திரை அணையும். பக்கத்தை எழுதியவரிடம் சொல்லி இரவு 9 மணிக்கு வீடியோவை நிறுத்தி வெறும் கறுப்புப் பக்கம் காட்டச் சொல்லுங்கள். நாலு வரி ஸ்கிரிப்ட். டைமர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வெறும் கறுப்புப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எல்சிடியில் கறுப்பு என்றாலும் பின்னால் பேக்லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும், மீட்டரில் வித்தியாசமே தெரியாது. ஓஎல்இடியில்தான் கறுப்பு என்றால் உண்மையிலேயே அணைந்த புள்ளி.

ராப்பாடி

இரவுப் பணி பார்ப்பவன், அதனால் தாமதம். எனக்கு ஸ்லீப்பும் வேண்டாம், ராத்திரி முழுக்கத் திரை மட்டும் அணைந்து கிடப்பதும் வேண்டாம். 11 மணி நேரம் யாரும் தொடப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த மெஷின் எதற்காக விழித்திருக்க வேண்டும்? ஷட்டவுன் செய்யுங்கள். தினமும் புதிதாகப் பூட் ஆகும் கியோஸ்க்கில் பாதிப் புகார்கள் தானாக மறைந்துவிடும். மெமரி கசியும் அப்ளிகேஷன், தொங்கிப்போன பிரவுசர், எல்லாம் ராத்திரியோடு போச்சு.

எப்படி என்றால்: டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 9:15-க்கு ஷட்டவுன். காலையில் பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) ஆர்டிசி அலாரம், 7:30. இதற்கு நெட்வொர்க்கும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். போர்டுக்குள் இருக்கும் கடிகாரமே மெஷினை எழுப்பிவிடும்.

இனி இதில் கால் வைக்கக் கூடாத இடங்கள்.

பயாஸில் இஆர்பி என்றோ டீப் ஸ்லீப் என்றோ ஒன்று இருக்கும். ஐரோப்பிய விதிக்காக வந்தது, அணைந்திருக்கும்போது அரை வாட்டுக்குள் அடக்கிவைக்கும். அதை ஆன் செய்தால் நெட்வொர்க் கார்டுக்கும் யூஎஸ்பிக்கும் போகும் மின்சாரம் அறுந்துவிடும், நெட்வொர்க் வழியாக மெஷினை எழுப்பும் வேக் ஆன் லேன் வேலை செய்யாது. பல போர்டுகளில் அலாரமும் அடிக்காது. மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை ஆன் செய்துவிட்டு, காலையில் ஆள் போய் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பட்டனை அழுத்துவது எந்தச் சிக்கனத்தில் சேரும்?

மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று இன்னொரு செட்டிங். 'எப்போதும் ஆன்' என்று வைத்தால் ராத்திரி 2 மணிக்கு மின்சாரம் போய் வந்தவுடன் அத்தனையும் எழுந்து விடியும்வரை எரியும். 'எப்போதும் ஆஃப்' என்றால் பட்டப்பகலில் போய் வந்தாலும் செத்துக் கிடக்கும். நான் வைப்பது 'கடைசி நிலை'. பகலில் ஓடிக்கொண்டிருந்தது ஓடும், இரவில் அணைந்திருந்தது அணைந்தே இருக்கும்.

அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஸ்டார்ட் மெனுவில் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, தன் கர்னலை (விண்டோஸின் மையப் பகுதியை) டிஸ்க்கில் சேமித்து, அதாவது ஹைபர்னேட் செய்து வைத்துக்கொள்கிறது. "தினமும் அணைக்கிறோமே" என்பார்கள், அப்டைமை (கடைசியாக முழுதாகப் பூட் ஆனதிலிருந்து ஓடிய நேரம்) பார்த்தால் 40 நாள் என்று காட்டும். கட்டளை வழியாகக் கொடுக்கும் ஷட்டவுன் முழு ஷட்டவுன்தான், ஆனாலும் அந்த டிக்கை எடுத்துவிடுவதே நல்லது. கிளையில் யார் எந்த வழியில் அணைப்பார்கள் என்று நமக்கு என்ன தெரியும்.

கடைசியாக, பட்டன் பேட்டரி. சிஆர்2032. அது செத்துவிட்டால், சுவரிலேயே மின்சாரம் போகும்போது கடிகாரம் நின்றுவிடும். கடிகாரம் நின்றால் அலாரம் எப்படி அடிக்கும்?

பழையகணினி

ராப்பாடி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லா இரவும் ஷட்டவுன் என்றால் விண்டோஸ் அப்டேட் எப்போது போடும்? பகலில்தான் போடப் பார்க்கும். ஆக்டிவ் ஹவர்ஸ் (விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் செய்யாத நேரம்) 18 மணி நேரம் வரை வைக்கலாம், வேலை நேரம் அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள், வாரத்தில் ஒரு இரவு மட்டும் ஷட்டவுனைத் தள்ளிப்போட்டு அப்டேட்டுக்கு விடுங்கள். இல்லாவிட்டால் வரிசையில் 20 பேர் நிற்கும்போது ரீஸ்டார்ட் கேட்கும்.

@தொடுவானம் உங்கள் 60-ம் ஸ்லீப்பில் இருக்கின்றனவே, இரவு வேலைகள் எப்படி நடக்கின்றன?

தொடுவானம்

வேக் டைமர் வைத்திருக்கிறோம். ராத்திரி 2 மணிக்கு எழுந்து புது விளம்பரங்களையும் கட்டணப் பட்டியலையும் இறக்கிக்கொண்டு மறுபடி தூங்கும்.

பழையகணினி

முழுதாக இறங்குகிறதா என்று பார்த்திருக்கிறீர்களா? ஆள் தொடாமல் டைமரால் எழுந்த மெஷின் மறுபடி தூங்குவதற்குத் தனி டைமர் உண்டு, 'அன்அட்டெண்டட் ஸ்லீப்' என்பார்கள். இயல்பாக 2 நிமிடம்தான். பவர் பிளானில் மறைந்தே இருக்கும், நீங்கள் வைத்த 30 நிமிடம் அதற்குத் தெரியாது.

தொடுவானம்

இப்போதுதான் பதிவைப் பார்த்தேன். வேகமான லைனில் இருக்கும் மெஷின்கள் சரியாக இருக்கின்றன. மெதுவான லைனில் 7 மெஷின்கள் தினமும் 2:02-க்குப் பாதியில் படுத்துவிடுகின்றன, மறுநாள் முதலிலிருந்து தொடங்குகின்றன. விளம்பரம் மாறவில்லை என்று ஒருவரும் புகார் செய்யாததால் எனக்குத் தெரியவில்லை. அந்த மறைந்த டைமரை வெளியே எடுத்து 20 நிமிடம் வைக்கிறேன்.

ஸ்லீப் கட்சியிலிருந்து இன்னும் விலகவில்லை. சொல்லிவிட்டேன்.

சுண்டெலி

7 எம்எல்ஏ கட்சி மாறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மின்மினி

மீட்டர் வந்துவிட்டது. ஒரு மெஷினை அளந்தேன் (பிரிண்டர் சும்மா இருக்கும்போது):

திரை முழு வெளிச்சத்தில்: 58 வாட்
திரை அணைந்து, மெஷின் ஓடும்போது: 22 வாட்
ஸ்லீப்: 3 வாட்
ஷட்டவுன்: 1 வாட்

இனி கணக்கு. திரையை மட்டும் அணைத்தால் 36 வாட் மிச்சம், 11 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 0.4 யூனிட். 28 மெஷினுக்கு ஒரு இரவில் 11 யூனிட். ஷட்டவுனும் செய்தால் அதற்கு மேல் இன்னும் 6.5 யூனிட். ஸ்லீப்புக்கும் ஷட்டவுனுக்கும் வித்தியாசம் வெறும் 2 வாட். அந்தக் கொஞ்சத்துக்காகவா இத்தனை சண்டை போட்டோம்!

சும்மா ஒரு ஆசைக்குப் பகல் வெளிச்சத்தையும் 60 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தேன். 58 என்பது 46 ஆனது. 13 மணி நேரம், 28 மெஷின் என்று பெருக்கினால் தினமும் 4 யூனிட்டுக்கு மேல். எந்த டைமரும் இல்லை, எந்த டிரைவரும் எழுந்திருக்க வேண்டாம். இதை ஏன் யாரும் முதலில் சொல்லவில்லை?

சுண்டெலி

வெளிச்சத்தைக் குறைப்பது செட்டிங் வேலை மாதிரியே தெரியாது, அதனால்தான். ஜன்னலைப் பார்த்து நிற்கும் மெஷினை மட்டும் விட்டுவிடுங்கள், மதிய வெயிலில் ஒன்றும் தெரியாது.

அரைவட்டம்

நல்ல எண்கள். டேப்லெட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் முடித்துவிடுவோம்.

ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஸ்டே அவேக்' ஆன் செய்து வைத்திருப்பீர்கள், சார்ஜில் இருக்கும்வரை திரை அணையாது. எம்டிஎம் (டேப்லெட்டுகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாகப் போனால் அது ஒரு எண்: சுவர் சார்ஜருக்கு 1, யூஎஸ்பிக்கு 2, வயர்லெஸ்ஸுக்கு 4, மூன்றும் வேண்டும் என்றால் கூட்டி 7. இரவில் அதை 0 ஆக்கிவிட்டுக் காலையில் 7 ஆக்கும்படி நேரம் குறிக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் டேப்லெட்டில் மின்சாரத்தைவிடப் பேட்டரிதான் பெரிய கவலை. எப்போதும் 100 சதவீதத்தில், எப்போதும் சூடாக, காற்று போகாத பெட்டிக்குள் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும், சில சமயம் உப்பும். எங்கள் டேப்லெட் ஒன்றில் திரையின் ஒரு மூலை மெல்லத் தூக்கிக்கொண்டு, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. தொடுதிரை ஒரு பக்கம் மட்டும் தானாக அழுந்துகிறது என்ற புகாராகத்தான் அது முதலில் வந்தது. சார்ஜை 80, 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் இன்றே ஆன் செய்யுங்கள். பின்பக்கம் லேசாகப் புடைத்திருந்தாலும் கழற்றிவிடுங்கள், அழுத்திச் சட்டத்துக்குள் மறுபடி பொருத்திப் பார்க்காதீர்கள்.

எதிர்ப் புகாரும் வரும்: சார்ஜில் இருந்தும் மாலைக்குள் இறங்கிவிடுகிறது என்று. பெரும்பாலும் யாரோ கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் செருகியிருப்பார்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். திரை எரியும் டேப்லெட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மின்மினி

9 டேப்லெட்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்று உப்பியிருந்தது, கழற்றிவிட்டேன். இரண்டு கணினி போர்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

விண்டோஸ் பக்கம் ராப்பாடி வழியில் போகிறேன்: வெளிச்சம் 60, பகலில் டிஸ்ப்ளே டைமர் 900 (வினாடி!), இரவு 9:15-க்கு ஷட்டவுன், காலை 7:30-க்கு அலாரம், ஞாயிறு இரவு மட்டும் அப்டேட்டுக்காக விழித்திருக்கும். முதலில் ஒரே ஒரு கிளையில் ஒரு வாரம்.

ராப்பாடி

நல்லது. முதல் நாள் காலை 7:25-க்கு நீங்களே அந்தக் கிளையில் நில்லுங்கள். போனில் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, வரிசையாக ஒவ்வொன்றாகத் திரை எரிவதைப் பார்ப்பது வேறு.

மின்மினி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாக் கிளைக்கும் போட்டாயிற்று. தொடுதிரைப் புகார் இதுவரை ஒன்றுமில்லை. போன புதன் இரவு ஒரு கிளையில் மின்சாரம் போய் வந்தது. காலையில் அங்கிருந்த 6 மெஷினில் 5 எழுந்தன, ஒன்று மட்டும் இருட்டாகவே நின்றது. பெட்டியைத் திறந்து பட்டனை அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கிறது.

ராப்பாடி, சிஆர்2032 ஒரு அட்டை வாங்கி மேஜை டிராயரில் போட்டுவைத்திருக்கிறேன். அதே காலத்தில் வாங்கிய மெஷின் இன்னும் 11 இருக்கின்றன. அவற்றுக்கும் இப்போதே மாற்றிவிடவா, இல்லை ஒவ்வொன்றாக நிற்கட்டும் என்று விடவா?

ராப்பாடி

இப்போதே. பெட்டிச் சாவி கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள், தேதியை உள்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள். மாற்றியதும் பயாஸுக்குள் போய் அலாரமும் 'கடைசி நிலை'யும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். சில போர்டுகளில் பேட்டரியைக் கழற்றினாலே எல்லாம் பழைய இயல்புக்குத் திரும்பிவிடும்.